என் வாய்க்குள் இருந்த அதிசயச் செல்

நாற்பதை நெருங்கும் வயதில் படிக்கப் போனால் மூளை மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பார்கள். பொய். மூளை நன்றாகவே வேலை செய்யும். வாய்தான் அதை முந்திக்கொண்டு ஓடும்.

லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நான், ஆய்வுகூட உதவியாளராவது என்று முடிவெடுத்து, லுசேர்ணில் பெரியவர்களுக்கான கல்லூரியொன்றில் செல் உயிரியலும் மூலக்கூற்று உயிரியலும் படிக்கச் சேர்ந்தேன். சனிக்கிழமை வகுப்பு. கூடப் படித்தவர்கள் என் மகள் மதுவைவிடக் கொஞ்சம் மூத்த பிள்ளைகள். (முதல் நாள் ஒருத்தி என்னைத் துப்புரவாக்க வந்தவள் என்று நினைத்துக் குப்பைத்தொட்டியைக் காட்டினாள். நானும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன்.)

ஆசிரியை ஃபிராவ் புரி ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "உங்கள் ஜெர்மன் போதாது. வகுப்புக்கு முன்னால் ஒரு செய்முறையை விளக்குங்கள். சரிவந்தால் தொடரலாம்."

செய்முறை சுலபம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, கண்ணாடித் தகட்டில் பூசி, நீலச் சாயம் விட்டு, நுண்ணோக்கியில் தெரியும் செல்களைத் திரையில் காட்டி விளக்கவேண்டும். முழுப் பேச்சையும் பாடமாக்கி, குளிர்சாதனப் பெட்டிக்கு ஒப்புவித்தேன்.

"ஊரில சண்டை நேரம் செல்லடி எண்டால் பங்கருக்குள்ள ஓடின ஆக்கள் நாங்கள்," என்றார் கணவர். "நீர் செல்லைத் தேடி லுசேர்ணுக்குப் போறீர்."

"நான் பாஸ் பண்ணாமல் வரமாட்டன், இருந்து பாருங்கோ."

ரயிலில் பதற்றம் தாங்காமல், வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த றோல்ஸில் இரண்டைச் சாப்பிட்டேன்.

திரையில் என் செல்களைக் கண்டதும் நெஞ்சு நிமிர்ந்தது. மற்றவர்களுடையவை சப்பட்டையாக, கசங்கிய காகிதம் போலிருந்தன. என்னுடையவை ஊதிய பலூன்கள்! செல்லின் நடுவே இருக்கவேண்டிய கருவைத்தான் காணவில்லை. அதற்காகப் பேச்சை நிறுத்த முடியுமா? கறுப்பாகத் தெரிந்த ஒரு புள்ளியைக் காட்டி, "இதுதான் கரு," என்றேன். பாடமாக்கிய பேச்சில் இல்லாத ஒன்றையும் துணிந்து சேர்த்தேன்: "என் செல்கள் வழக்கத்தைவிடப் பெரியவை. இது பரம்பரை இயல்பாக இருக்கலாம்."

ஃபிராவ் புரி மெதுவாகக் கேட்டார்: "வரும் வழியில் என்ன சாப்பிட்டீர்கள்?"

அன்பாக விசாரிக்கிறார் என்று நினைத்தேன். றோல்ஸ் செய்யும் விதத்தைத் தடங்கலில்லாத ஜெர்மனில் சொல்லத் தொடங்கினேன். "உருளைக்கிழங்கை நன்றாக அவித்து, மசித்து..." அதற்குள் அவர், அதே குச்சியில் மிஞ்சியிருந்ததை இன்னொரு தகட்டில் பூசி, ஒரு சொட்டு அயடின் விட்டார். திரையில் என் பரம்பரை முழுவதும் கருநீலமாகியது. அயடின் பட்டால் அப்படி நிறம் மாறுவது மாப்பொருள், வாய்ச் செல் அல்ல.

பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஹேர்டொப்ஃபெல்!" (இந்த ஊர்ப் பாஷையில் உருளைக்கிழங்கு.)

வகுப்பு மேசையில் அடித்துச் சிரித்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் தோற்றுப் போனால் ஆயுள் முழுக்கப் பெட்டி அடுக்கவேண்டும்.

"திரும்பச் செய்கிறேன்," என்றேன். கேட்கவில்லை, அறிவித்தேன்.

கழிப்பறைக்குப் போய்த் தொண்டை நோகும்வரை வாய் கொப்பளித்தேன். முதல் தகட்டில் காற்றுக்குமிழ்கள். அடுத்தது கைதவறி உடைந்தது. அதற்கடுத்ததில் வந்தன: சப்பட்டையான, வெளிறிய, என் சொந்தச் செல்கள். நடுவே உண்மையான கரு. பாடமாக்கியது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. றோல்ஸைப் பற்றிச் சொன்னது போலவே செல்லைப் பற்றியும் சொன்னேன். இலக்கணம் நொண்டியது, விஷயம் நொண்டவில்லை.

"இந்த ஜெர்மனை ஏன் இவ்வளவு காலமும் ஒளித்து வைத்திருந்தீர்கள்?" என்றார் ஃபிராவ் புரி. "தொடருங்கள்."

தொடர்ந்தேன். இப்போது ஓர் ஆய்வுகூடத்தில் வெள்ளை மேலங்கியோடு வேலை. ஆனால் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "செல்லோ, கிழங்கோ?" என்ற கேள்வி எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும்.

போன மாதம் மது, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள்.

"ஆள் எப்பிடி?" என்றேன்.

"நல்ல ஆள்தான் அம்மா. ஆனால் செல்லோ கிழங்கோ எண்டு நீங்கள்தானே பாத்துச் சொல்லவேணும்."

"ஓம், ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வா," என்றேன். "வரேக்க வாயைக் கொப்பளிச்சுப்போட்டு வரச் சொல்லு."