இது வருமா, மேடம்?

மருத்துவக் கல்லூரிகளின் முதலாண்டு வகுப்பில் ‘வருமா’ என்றோர் இனம் உண்டு. உடற்கூறோ, உடலியங்கியலோ, உயிர்வேதியியலோ, எதைச் சொல்லிக்கொடுத்தாலும் அந்த இனம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இது பரீட்சைக்கு வருமா, மேடம்?"

நம்முடைய வருமாவைப் பாருங்கள். இதுவரை ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடித்ததில்லை; ஆனால் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். பேருந்தில் அதை மாட்டிக்கொண்டு, கல்லூரி வாசலில் சீனியர்களைக் கண்டதும் பைக்குள் திணித்து, வகுப்புக்குள் நுழைந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றாமல் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். "வரும்" என்று காதில் விழுந்தால்தான் மூடி கழலும். "வராது" என்றால்? காதே மூடிக்கொள்ளும்.

உடலியங்கியல் ஆசிரியைக்கு ஒரே ஆசை. இந்த வகுப்பில் ஒருவராவது "ஏன்?" என்று கேட்டுவிட வேண்டும். அதற்காக அவர் படாத பாடில்லை. இதயம் துடிக்கும் தாளத்தை மேஜையில் தட்டிக் காட்டினார். மூச்சடக்கும் போட்டி வைத்தார். "எல்லாமே வரும்" என்று ஒருநாள் பொய் சொல்லிப் பார்த்தார். அவர் தும்மியதைக்கூடக் குறித்துக்கொண்டார்கள். கடைசியில், ஊசியால் துளை போட்ட ரப்பர் டியூபைத் தண்ணீர்க் குழாயில் மாட்டி, "ரத்தக் குழாய்லேருந்து தண்ணி இப்படித்தான் கசியும்!" என்று முன்வரிசையையே நனைத்தார்.

வருமா தன் கைபேசியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இது வருமா, மேடம்?"

"வராதுப்பா," என்றார் ஆசிரியை, சலித்துப்போய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வருமாவின் வீட்டுக்குச் சித்தப்பா வந்தார். வீங்கிய காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அந்தக் குழி சாவகாசமாக நிரம்பியது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். பயமா இருக்குடா. நீதான் டாக்டருக்குப் படிக்கிறியே, இது ஏன் வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லு."

வருமா யோசித்தார். நனைந்த சட்டை நினைவுக்கு வந்தது. வேறெதுவும் வரவில்லை.

"அது... பரீட்சைக்கு வராதுன்னுட்டாங்க, சித்தப்பா."

"உன் பரீட்சைக்கு வராட்டி என்னடா? எனக்கு வந்துருச்சே!"

மறுநாள் வகுப்பில் வருமா எழுந்தார். "வராதுப்பா" என்று சொல்ல ஆசிரியை ஆயத்தமானார்.

"மேடம், அன்னிக்குக் காட்டினீங்களே, அந்தத் தண்ணி ஏன் கசியுது? காலுல போயி ஏன் தேங்குது?"

ஆசிரியை உட்கார்ந்தார். உடனே எழுந்தார். "இன்னொரு தடவை கேளுப்பா," என்றார். கேட்டு முடித்ததும் ரப்பர் டியூபைத் தேடி ஓடினார்.

பின்வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "மேடம், இது வருமா?"

"வரும்மா, வரும். உங்க வீட்டுக்கே வரும்!"

சிரிக்கிறீர்கள். மருத்துவம் படிக்காததால் தப்பித்தோம் என்கிற சிரிப்பு. இருக்கட்டும். இந்தப் பக்கத்தைத் திறந்ததும், இதைப் படித்து நமக்கு என்ன ஆகப்போகிறது என்று கடைசிப் பத்திக்கு நேராக வந்தவர் யாரோ? கூச்சப்படாதீர்கள். பேனா மூடியைக் கழற்றிவிட்டு முதல் வரியிலிருந்து வாருங்கள்.