பெருமாளிடம் போன புரதம்

"ஸ்ரீப்ரியாம்மாவுக்கு இன்னிக்கும் ரிசல்ட் வந்துடுச்சாம் சார்" என்றார் லேப் அட்டெண்டர் துலுக்காணம்.

விஷ்ணுவர்தனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

திருப்பதியில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்கும் ஸ்ரீப்ரியாவுக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. மனித உடம்பிலுள்ள ரிசெப்டர் என்ற புரதத்தை, ஏதோ ஒரு கம்பெனி செயற்கையாகத் தயாரித்துச் சுண்டுவிரல் அளவுப் புட்டியில் அனுப்புகிறது. அதில் ஒரு மருந்து ஒட்டுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அவள் கையில் சமர்த்தாக ஒட்டியது. இவனிடம் மட்டும் முரண்டு பிடித்தது. மிச்சமிருப்பது ஒரே புட்டி. அதையும் கோட்டை விட்டால் இவனுடைய ஆராய்ச்சி ஸ்ரீப்ரியாவுக்கு என்று புரொபசர் சொல்லிவிட்டார்.

"அப்டி இன்னாதான் பண்றா அவ?"

"எனக்கென்னா தெரியும்? போன வாரம் பெருமாள் கோயில்ல அர்ச்சனைத் தட்டு வச்சிக்கினு நின்னுச்சு."

அப்படியா சேதி! புட்டியைப் பெருமாள் பாதத்தில் வைத்து எடுத்திருக்கிறாள், கள்ளி. இந்த ஊரில் புது பைக்குக்குக்கூட அதுதானே செய்கிறார்கள்? தனக்கு இது தோன்றவில்லையே என்று பொருமினான்.

சாப்பாட்டு பிளாஸ்க்கில் ஐஸைக் கொட்டி, புட்டியைப் புதைத்து, ஆட்டோ ஏறினான். சூடு பட்டால் புரதம் பாழ்.

கோயில் வரிசை நகரவில்லை. ஐஸ் உருகியது. வெளியே ஓடி சோடாக் கடையில் ஐஸ் வாங்கி வந்தால், வரிசையில் கடைசி ஆள் ஆகியிருந்தான். ஈரத்தில் புட்டியின் லேபிளும் கழன்றது. வேறு வழியில்லாமல் ஒரு பொய்யை எடுத்து விட்டான்.

"காசித் தீர்த்தம்ங்க! பெருமாளுக்கு! கொஞ்சம் வுடுங்க!"

"வழி வுடுங்கப்பா! தாரி இவ்வண்டி! காசித் தீர்த்தம் வருது!" கூட்டமே அவனைத் தள்ளிக்கொண்டுபோய் முன்னால் நிறுத்தியது.

உள்ளே உற்சவருக்குத் திருமஞ்சனம் நடந்துகொண்டிருந்தது. தோதாத்ரி பட்டர் பக்தியோடு புட்டியை வாங்கி, மூடியைத் திருகி, வெள்ளிக் குடத்துப் பாலில் கவிழ்த்து, அப்படியே அபிஷேகம் செய்துவிட்டார்.

"சாமி! பாதத்துல சும்மா வெச்சுத் தர சொல்லலாம்னு..."

"பாதமென்ன, திருமேனிக்கே சேத்துட்டேன்! பாக்கியசாலி ஐயா நீர்!"

விஷ்ணுவர்தன் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. ஆராய்ச்சி போச்சு. நாளையே அது அவள் மேஜைக்குப் போய்விடும்.

பட்டர் உருகிப்போனார். "இப்படியொரு பக்தியா! பேரும் உத்தியோகமும் சொல்லும், ஒரு அர்ச்சனை பண்ணிடறேன்."

"விஷ்ணுவர்தன்... லேப்ல ஆராய்ச்சி..."

பட்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட, நீர்தானா அது? போன வாரம் ஒரு பொண்ணு, 'பக்கத்து மேஜைக்காரர் மொறைக்கறதைத் தாங்க முடியலை, அவருக்கும் ஒரு தரம் ரிசல்ட் நல்லபடியா வந்துடணும்'னு உம்ம பேருக்குத்தானே அர்ச்சனை பண்ணிட்டுப் போனா!"