பங்கருக்குள் போகாத பேஸ் கிற்றார்

காலை பத்தேகாலுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நேரம் எப்படி நினைவிருக்கிறது என்றால், அப்போது நான் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். முற்றத்து வெயிலில் ஒரு பேஸ் கிற்றார் கிடந்தது. அதற்கு அடித்த பெயின்ற் காய இன்னும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது என் கவலை. மூன்று வயது மகள் அதன் பக்கத்தில் குந்தியிருந்தாள். ஒரு நிமிடத்தில் வந்துவிடலாம் என்று நான் றேடியோவை எடுக்க உள்ளே போனேன்.

அந்த மகளுக்கு இப்போது பதினெட்டு வயது. ரியூசன் விட்டு வரக் கொஞ்சம் பிந்தினாலும் நான் கேற்றடிக்குப் போய் நிற்பேன். (வீட்டில் இதற்கு "அப்பா சென்றிக்குப் போட்டார்", அதாவது காவலுக்குப் போய்விட்டார், என்று பெயர்.) ஒரு மனிதன் ஏன் இப்படி ஆனான் என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்தக் கிற்றாரில் இருக்கிறது.

கிற்றார் என் மாமனாருடையது. அறுபதுகளில் கொழும்பில் ஒரு நடன இசைக்குழுவில் அவர் பேஸ் வாசித்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் அவருடைய வீடு எரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் ஒன்று கரிக்குள்ளிருந்து அதை எடுத்து வைத்திருந்து, பலபேர் கைமாறி, ஒரு வருசத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான கோப்பாய்க்கு அனுப்பிவைத்தது. கழுத்துப் பக்கம் வெடித்திருந்தது. உடலின் ஒரு தோள் கருகியிருந்தது. கம்பிகளில் ஒன்று இல்லை, மற்றவை துரு. மாமா அதைப் பழைய படுக்கை விரிப்பால் சுற்றி அலுமாரியின் மேல் வைத்தார். அதைப்பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. என்னோடும் அவர் அப்படித்தான். கலியாணமாகி அத்தனை காலத்தில் அவர் என்னிடம் சொன்னவற்றை ஒரு தபாலட்டையில் எழுதி, மிச்ச இடத்தில் சுகமும் விசாரிக்கலாம்.

தொண்ணூற்றிரண்டில், சண்டைக்காலம், ஊரில் கரண்ட் இல்லை. பற்றரி இல்லை. மண்ணெண்ணெய் மருந்துபோல அருமை. அந்த நேரம் பார்த்து, மின்சாரக் கிற்றார் ஒன்றைத் திருத்தி மாமனாரின் வாயைத் திறக்க வைப்பது என்று நான் முடிவு செய்தேன். நான் ரியூட்டரியில் பௌதிகம் படிப்பித்தவன். காந்தம், சுருள், மின்னோட்டம் எல்லாம் கரும்பலகையில் எனக்குக் கட்டுப்பட்டவை. மனைவி ரதி தகப்பனிடம் கேட்டாள். அவர் "ம்" என்றார். அதை நான் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டேன்.

வெடித்த கழுத்துக்கு வச்சிரப் பசை பூசி, அசையாமலிருக்க அம்மியைத் தூக்கி மேலே வைத்தேன். (அம்மி விடுதலையாகும்வரை வீட்டில் சம்பல் இல்லை.) துருப்பிடித்த கம்பிகளைச் சோற்றுப் பானையில் போட்டு அவித்தேன். (பிறகு அந்தப் பானையில் சோறு இல்லை.) இல்லாத கம்பிக்குச் சைக்கிள் பிரேக் கம்பி. கம்பிகளைத் தாங்கும் இரும்புக்கு அலுமாரிக் கதவின் பிணைச்சல். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள் எரிந்துபோயிருந்தது. செத்த றேடியோ ஒன்றிலிருந்து தலைமயிர் போன்ற செப்புக் கம்பியை உரித்து, ரதியின் தையல் மெசினில் நூல் சுற்றுகிற இடத்தில் பொருத்திச் சுற்றினேன். மாமா ஒருமுறை கதவடியில் நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் மெச்சுகிறார் என்று நினைத்தேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் திருத்துவது மட்டும் எனக்குப் போதவில்லை, அதை அழகாக்கவும் வேண்டுமாம். கருகிய தோளை மரம் அரியும் வாளால் அரிந்து எறிந்தேன். ஒரு தோள் போனதும் அது கிற்றார்போல் இல்லாமல் வேறு ஏதோபோல் நீண்டு மெலிந்து தெரிந்தது. மரமெல்லாம் தேய்த்துப் பெயின்ற் அடித்தேன். எங்களிடம் இருந்த ஒரே பெயின்ற், கேற்றுக்கு அடித்து மிஞ்சிய கடும் பச்சை.

முற்றத்தில் நாலு வாழைக்குற்றியின் மேல் அதைக் காயவைத்தபோது ரதி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உது மேலையிருந்து பார்த்தா துவக்கு மாதிரியெல்லோ கிடக்கும்?"

நான் அவளுக்கு உயரம், பார்வைக் கோணம், பொருளின் அளவு என்று ஒரு சிறு பாடம் எடுத்தேன். அவ்வளவு உயரத்தில் ஹெலிகொப்டரிலிருந்து பார்க்கிற ஆமிக்காரனுக்கு அது துப்பாக்கியாக இல்லை, ஒரு ஈர்க்குப்போலத்தான் தெரியும் என்றேன். அவள், பிள்ளை உங்களோடை நிற்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பிறகுதான் பத்தேகால். என் திட்டம் இதுதான்: சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவால் றேடியோவுக்கு உயிர் கொடுத்து, கிற்றாரை அதனோடு இணைத்து, மாமா வந்ததும் முதல் ஒலியைக் கேட்கவைப்பது. வயர்களைத் தேடி எடுத்து, கடைசியில் றேடியோவைத் தூக்கியபோது ஹெலியின் சத்தம் கேட்டது. முதலில் தூரத்தில், பிறகு கூரைக்கு மேலேயே.

வெளியே ஓடினேன். முற்றத்தில் மகள் இல்லை. ரதி தூக்கிக்கொண்டு பங்கருக்குள் போய்விட்டாள் என்று எண்ணினேன். அப்போது கிற்றார் கண்ணில் பட்டது. வெயிலில் பச்சையாய் நீண்டு கிடந்தது. பிணைச்சல் பளபளத்தது. சத்தியமாக அது துவக்கேதான். ஈர்க்கும் பார்வைக் கோணமும் தலையிலிருந்து பறந்துபோயின. அது அங்கே கிடந்தால் ஹெலிக்காரன் வீட்டையே அடிப்பான். ஈரப் பெயின்ற் கையெல்லாம் ஒட்ட அதைத் தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடினேன்.

எங்கள் பங்கர் 'ட' வடிவத்தில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கிய பதுங்குகுழி. படியிறங்கி ஒரு முடக்குத் திரும்ப வேண்டும். மனிதர் திரும்பலாம். நாலடி நீளமான விறைத்த பொருள் திரும்பாது. உள்ளே இருட்டு. முடக்குக்கு அப்பாலிருந்து ரதியின் இரண்டு கைகள் நீண்டன.

"பிள்ளையைத் தாங்கோ."

நான் எதை நீட்டியிருந்தேனோ அதன் தலை அவள் கைக்குள் போனது. அவள் விரல்கள் முறுக்கும் திருகுகளைத் தடவின.

"என்ன இது?"

"கிற்றார்."

நீட்டிய கைகளை அவள் இழுத்துக்கொண்டாள்.

(எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சிரிக்கும் இடம் இதுதான். சாப்பாட்டு மேசையில் ரதி உப்பைக் கேட்டால், "அம்மா, வடிவாச் சொல்லிக் கேளுங்கோ, அப்பா கிற்றாரைத் தந்திடுவார்" என்று மகள் சொல்வாள். கலியாண வீடுகளில் மச்சினன்மார் இதை நடித்துக் காட்டுவார்கள். நானும் சிரிப்பதாகப் பாவனை செய்வேன்.)

"பிள்ளை எங்கை?" என்றாள் ரதி.

"உம்மோடை இல்லையோ?"

"உங்களோடையெல்லோ விட்டனான்."

ரதிக்கு வழிவிடக் கிற்றாரோடு பின்னால் ஏற முயன்றேன். கிற்றார் முடக்கில் குறுக்காக இறுகி நின்றது. இழுத்தால் வரவில்லை. தள்ளினால் போகவில்லை. உள்ளே ரதி, வெளியே நான், நடுவில் என் கைவேலை. மேலே ஹெலி வட்டமிட்டது. ரதி உள்ளேயிருந்து கிற்றாரை உதைத்தாள். வச்சிரம் பூசிய கழுத்து அதே இடத்தில் விட்டது. கம்பிகள் "டும்" என்று அதிர்ந்தன. நான் திருத்திய கிற்றாரின் முதல் ஒலி, மாமா கேட்பதற்கென்று நான் ஏங்கிய ஒலி, என் மனைவியின் குதிக்காலில் பிறந்தது.

அவள் அதன் மேலாகத் தவழ்ந்து வெளியே வந்தாள். வெளிச்சம் விழுந்தபோது, கிற்றாரின் மேற்பக்கத்தில் ஒரு தடம் கண்டேன். ஐந்து விரலும் விரித்து அழுத்திய சின்னக் கை. (அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. பிறகு ஒருநாளும் அதற்கு மேல் பெயின்ற் அடிக்கவில்லை.) பிள்ளை ஈரப் பெயின்றில் கை வைத்திருக்கிறாள். கையில் அழுக்குப் பட்டால் அவள் தானாகப் போகும் இடம் ஒன்றுதான், கிணற்றடி.

எங்கள் கிணற்றுக்கு அப்போது கட்டு உயரமில்லை.

ஹெலியின் கீழ் நாங்கள் இரண்டுபேரும் கிணற்றுக்கு ஓடினோம். வாளி கயிற்றோடு கப்பியில் தொங்கியது. நான் குனிந்து பார்த்தேன். தண்ணீரில் வானமும் என் தலையும் தெரிந்தன. அதைப் பார்த்த பிறகும் என்னால் நிமிர முடியவில்லை. ரதி என் சேட்டுக் கொலரைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள். சத்தம் மெல்ல அச்சுவேலிப் பக்கமாக ஒதுங்கிப் போனது. அது போனது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் ஏதாவது இயந்திரம் கூரைக்கு மேலால் போனால், நான் வானத்தைப் பார்ப்பதில்லை. கிணற்றைத்தான் பார்க்கிறேன்.

வேலியில் ஆள் புகும் பொட்டுக்குள்ளால் மாமா வந்தார். இடுப்பில் மகள். அவள் கை சிவக்கத் துடைத்திருந்தது, மண்ணெண்ணெய் மணத்தது, நகக்கண்ணில் மட்டும் பச்சை. வெளியே போய் வந்தவர், பிள்ளை பெயின்றில் கை வைத்ததைக் கண்டு, யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல், பக்கத்து வீட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டுத் துடைக்கக் கொண்டுபோயிருக்கிறார். ஹெலி வந்ததும் அவர்களுடைய பங்கருக்குள் இருந்திருக்கிறார்கள்.

ரதி பிள்ளையை வாங்கிக்கொண்டு கிணற்றடியிலேயே இருந்துவிட்டாள். மாமா என் பச்சைக் கைகளைப் பார்த்தார். பிறகு பங்கர் வாசலுக்குப் போய்க் குனிந்து, தோள் அரிந்து, கழுத்து முறிந்து, முடக்கில் கிடந்த தன் கிற்றாரைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கை காட்டி நிறுத்தினார்.

"எண்பத்து மூண்டிலை நான் இந்தக் கிற்றாரை விட்டிட்டு, இவள் ரதியின்ரை கையைத்தான் பிடிச்சுக்கொண்டு ஓடினனான்" என்றார். "உது எப்பிடியும் பிறகு வந்து சேரும், தம்பி."