கெர்ட்ரூட்டுக்கு ஏற்ற கோர்ஸ்

இந்த ஒரு விஷயத்திலாவது மனைவியைத் தன் வழிக்குக் கொண்டுவந்தே தீருவது என்று கிரிகரி கங்கணம் கட்டிக்கொண்டார்.

மனைவி கெர்ட்ரூட் ஆஸ்பத்திரியில் மூத்த தாதி. அடுத்து எதில் சிறப்புப் பயிற்சி எடுக்கப்போகிறாய், யோசித்துச் சொல் என்று மேட்ரன் கேட்டிருந்தார். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, உள்ளவர்களுக்கான சிறப்புத் தாதியாக வேண்டும் என்பது கெர்ட்ரூட்டின் நெடுநாள் ஆசை.

கிரிகரிக்கு அதில்தான் ஆபத்து தெரிந்தது. பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்குப் போகும் வழியில் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் டீ, ஒரு ஜிலேபி இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. செந்தூல் வீட்டில் ஏற்கெனவே அவள்தான் சர்க்கார். சர்க்கரையும் அவள் இலாகாவுக்குப் போய்விட்டால் மனிதன் எப்படி உயிர் வாழ்வது?

"கெர்ட்டி, பச்சப்புள்ளைங்க வார்டு கோர்ஸ் எடும்மா. உன் கை பூ மாதிரி. பிறந்த புள்ளைங்களுக்குன்னே செஞ்ச கை."

"அப்படியா சொல்றீங்க?"

"கண்ண மூடிக்கிட்டு எடு."

"சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து கிரிகரி காதில் விழாத வாக்கியம் அது. மறுநாள் காலை ஜிலேபி இரண்டானது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், நடுக்கூடத்தில் பெரிய பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"கோர்ஸுக்குத்தாங்க. ஜொகூர்ல. ஆறு மாசம் அங்கேயே தங்கிப் படிக்கணும்."

"ஆறு மாசமா! சோறு?"

"செராஸ்லேர்ந்து உங்க அக்கா வராங்க. சொல்லிட்டேன்."

அக்கா விவியன் குழம்பில் உப்பு இருக்காது. முழு ஜெபமாலையும் சொல்லி முடிக்காமல் அந்தக் குழம்பும் கிடைக்காது. கிரிகரி அப்படியே சோபாவில் சரிந்தார்.

"பக்கத்துல வேற கோர்ஸே இல்லியா?"

"இனிப்புநீர் கோர்ஸ் இங்க கேஎல்லயே இருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். நீங்கதான் வேணாம்னு..."

"யாரு வேணாம்னா? ஊர்ல பாதிப் பேருக்கு இனிப்புநீர்லா! அவங்கள யாரு பாக்கறது?"

"உங்க பேச்ச எப்படிங்க மீறுறது?"

"கையெடுத்துக் கும்பிடறேன், தாயே!"

"ம்... இவ்வளவு கெஞ்சுறீங்க. சரி."

பெட்டி கட்டிலுக்கடியில் போனது. அதோடு ஜிலேபியும் போனது. பயிற்சிக்கு முதல் நோயாளி கிரிகரிதான். விரலில் ஊசி, தட்டில் வெள்ளரிக்காய், சாயங்காலம் நடை. முனகிக்கொண்டேதான் நடந்தார். ஆனால் அன்றன்று படித்ததை அவள் உற்சாகமாக அவரிடம் ஒப்பிக்கும்போது கேட்க நன்றாகத்தான் இருந்தது. கால்சட்டையும் தொளதொளவென்று ஆகியிருந்தது. இதையெல்லாம் அவர் வெளியே சொல்லவில்லை.

படிப்பு முடிந்து ஆஸ்பத்திரியில் சின்ன விருந்து. மேட்ரன் தாமரை கிரிகரியின் கையைக் குலுக்கினார்.

"நீங்கதான் ரொம்ப வற்புறுத்திப் படிக்க வெச்சீங்களாமே?"

கிரிகரி நெஞ்சை நிமிர்த்தினார். "மொதல்ல பச்சப்புள்ளைங்க கோர்ஸ்தான் எடுக்கச் சொன்னேன். ஜொகூர் தூரமாச்சே, அதான்..."

"ஜொகூரா? அந்தக் கோர்ஸ் இங்கயே மூணாவது மாடியிலதானே நடக்குது!"

கிரிகரி மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். கெர்ட்ரூட் அவர் தட்டிலிருந்த கேக்கை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

"இது உங்களுக்கு வேணாங்க."