எழுபத்திரண்டு வயதுப் பல்

மாவு அதிகமாகிவிட்டது. ரொட்டிக்கடை அடுப்புக்காரன் கண்ணாடியில் பார்த்தபோது தலை வெளுத்திருந்தது, புருவம் வெளுத்திருந்தது. இடது கன்னம் மட்டும் சிவந்து பன் மாதிரி உப்பியிருந்தது.

“அறுபது மாதிரி தெரியுதா?”

“தெரியுது. வாயைத் திறக்காம போயிட்டு வாங்க,” என்றாள் மனைவி.

“பல் டாக்டர்கிட்ட வாயைத் திறக்காம என்னடி பண்றது?”

ஊரில் இருந்த ஒரே இலவசப் பல் மருத்துவமனை அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும். தனியார் டாக்டர் சொன்ன தொகையைக் கேட்டதும் அவனுக்கு வலி நின்றுவிட்டது. வெளியே வந்ததும் திரும்பிவிட்டது. அடுப்புச் சூடு பட்டால் பல்லில் வலி தெறித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதில் ரொட்டி இரண்டு முறை கருகியது. இன்னொரு முறை கருகினால் வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படி முதலாளி சொல்லிவிட்டார்.

மருத்துவமனையில் சீட்டு எழுதும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“வயசு?”

“அறுபது.”

“அறுபதா? பார்த்தா அப்படித் தெரியலையே. உண்மையைச் சொல்லுங்க.”

அவன் முதுகைக் கூனிக்கொண்டான். “எழுபத்திரண்டு,” என்றான்.

“அப்படிச் சொல்லுங்க. இந்த வயசுல பல்லு பிடுங்க பிள்ளைங்க யாராவது கையெழுத்துப் போடணும். மகன் இருக்காரா?”

மகன் ஒன்றாம் வகுப்பில் இருந்தான். அடுப்புக்காரன் மச்சானுக்குப் போன் போட்டான். மனைவியின் அண்ணன், ஐம்பது வயது, முழு வழுக்கை. தங்கச்சிக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று கல்யாணத்தின்போதே சொன்ன மனிதர். விஷயத்தைக் கேட்டதும் ஓட்டமாக வந்தார்.

“அப்பா! தனியா ஏம்ப்பா வந்தீங்க? தலை சுத்துதா?” என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு சீட்டு அம்மாவிடம், “அப்பாவுக்குக் காது மந்தம். சத்தமாப் பேசுங்க,” என்றார்.

அதிலிருந்து எல்லோரும் அவன் காதில் கத்தினார்கள். ஒவ்வொரு கத்தலும் நேராகப் பல்லில் போய் இறங்கியது.

டாக்டர் சீட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

“எழுபது தாண்டினவங்களுக்கு பல்செட் இலவசம். எல்லாப் பல்லையும் எடுத்துட்டு மாட்டிடலாமா?”

“தாராளமா எடுங்க டாக்டர்,” என்றார் மச்சான். “அப்பா வாய் ரொம்ப நீளம். ஒரு மாசம் பேசாம இருந்தா வீடு நிம்மதியா இருக்கும்.”

கையெழுத்துப் போடப் பேனாவையும் திறந்துவிட்டார்.

“யோவ் மச்சான்!” அடுப்புக்காரன் நாற்காலியிலிருந்து துள்ளினான்.

“மகனையா மச்சாங்கறீங்க?” என்றார் டாக்டர்.

வியர்வையில் மாவு குழைந்து புருவத்திலிருந்து மூக்குக்கு வழிந்தது. இதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை.

“எனக்கு நாற்பத்திமூணு டாக்டர். இவர் என் பொண்டாட்டியோட அண்ணன். பொய்தான் சொன்னேன். போலீஸைக் கூப்பிடறதா இருந்தாக் கூப்பிடுங்க, அதுக்கு முன்னாடி இந்த ஒரு பல்லை மட்டும் எடுத்துடுங்க. இல்லேன்னா வேலை போயிடும்.”

மச்சான் பேனாவை மூடிக்கொண்டு மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார்.

டாக்டர் கையுறையை மாட்டினார்.

“எந்தப் பல்லுப்பா?”

“கீழ, இடது பக்கம், கடைசிப் பல்.”

“வாயைத் திற.”

ஊசி ஒரு சுருக். பிறகு யாரோ வேறொருவன் வாயில் வேலை நடப்பது போல இருந்தது. தட்டில் ‘டிங்’ என்று விழுந்தது. இத்தனை நாள் ஆட்டிவைத்த சனியன் ஒரு கடலை அளவுதான்.

அவன் டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். உதடு மரத்துப்போனதால் நன்றி என்பது வெறும் காற்றாக வந்தது.

“சரி சரி,” என்றார் டாக்டர். “காதோரம் மட்டும் பூசியிருந்தாப் போதும். புருவம்தான் காட்டிக் கொடுத்துடும்.”

வெளியே சீட்டு அம்மா பஞ்சு கொடுத்தாள். உதடு உணர்வுக்கு வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“நல்லா இருக்கணும்மா அந்த மனுஷன். இவ்வளவு பொய் சொன்னேன், ஒரு வார்த்தை திட்டலையே!”

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

“எப்படித் திட்டுவார்? நெஜமாவே எழுபத்திரண்டு அவருக்குத்தான். தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிட்டு இந்த இடத்தையும் பூட்டிடுவாங்கன்னு வாராவாரம் நான்தான் அவர் தலைக்கு மை அடிச்சு விடறேன்.”