திருச்செல்வம் மச்சான் பாலத்தில் செத்த விவரம்

பத்து பாகாட்,
வியாழக்கிழமை காலை.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மச்சான் திருச்செல்வம் அவர்களுக்கு, தங்கள் தங்கை சந்திரமதியின் கணவன் செல்லப்பன் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நான்கு நாளாக ரொட்டியும் டின் சார்டினும் சாப்பிடுகிறவன் நலம் என்று எழுதினால், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் பொய் சொன்ன பாவம் வந்து சேரும். அங்கு தாங்களும் அங்கம்மா அக்காவும் தங்கள் மகளும் என் மருமகளுமான யோகேஸ்வரியும், ஞாயிற்றுக்கிழமை முதல் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவியும் எல்லா நலமும் பெற்றிருக்க வேண்டுகிறேன்.

வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் இவன் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று தாங்கள் கேட்கலாம். போனில் பேசினால் என் மூன்றாவது வார்த்தையில் தாங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். முப்பது வருடம் சிகாமட் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளில் அப்படியே பழகிவிட்டது, குற்றம் சொல்லவில்லை. கடிதத்தில் என் முறை முடிகிற வரையில் யாரும் குறுக்கே வர முடியாது. தவிர, நிச்சயதார்த்த மண்டபத்தில் சம்பந்தி வீட்டார் முன்னிலையில், "திருச்செல்வம் சாகட்டும் விடு" என்று போன் ஸ்பீக்கரில் கேட்ட என் குரலுக்கு எழுத்து மூலமாக விளக்கம் கொடுப்பதுதான் முறை.

நான் சொன்னது தங்களை அல்ல. தங்கள் பெயர் கொண்ட ஒரு வில்லாளியை.

ஆதியிலிருந்து சொல்கிறேன். போன டிசம்பரில் துண்டு நெய்கிற பேக்டரியிலிருந்து நான் ஓய்வு பெற்றது தங்களுக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் துண்டின் ஓரத் தையலைச் சரிபார்த்தவன் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் என்ன செய்வான், வீட்டிலிருக்கிற துண்டுகளைச் சரிபார்த்தேன், பிறகு திரைச்சீலைகளை, பிறகு சந்திரமதி சப்பாத்திக்கு மாவு பிசைவதை. மூன்றாவது வாரம் சந்திரமதி சிங்கப்பூரில் வேலை செய்கிற எங்கள் மகள் லோஷினிக்குப் போன் செய்து, "ஒண்ணு உங்கப்பாவுக்கு ஒரு வேலை குடு, இல்லாட்டி எனக்கு அங்க ஒரு ரூம் பாரு" என்று சொல்லியிருக்கிறாள். அந்த வாரக் கடைசியில் லோஷினி ஒரு டேப்லட்டில் இந்த விளையாட்டைப் போட்டுக்கொண்டு வந்து, "மூளைக்கு நல்லதுப்பா, செஸ் மாதிரிதான்லா, அவசரமே இல்ல, நீங்க நகர்த்துற வரைக்கும் எதிரி காத்துக்கிட்டே இருப்பான்" என்றாள். என் வாழ்க்கையில் எனக்காகக் காத்திருக்கிற ஒருவனை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். மயங்கிவிட்டேன்.

விளையாட்டு இதுதான். கட்டம் போட்ட நிலம். நம் பக்கம் நான்கு பேர், அந்தப் பக்கம் எலும்புக்கூடுகள். நம் முறை வரும்போது நாம் அடிக்கலாம், முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவர்கள் அடிப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். நம் கோயில் கமிட்டிக் கூட்டத்தை நினைத்துக்கொண்டால் தங்களுக்குச் சட்டென்று விளங்கும், ஒரே வித்தியாசம், இங்கே எலும்புக்கூடுகள் கீழே விழுந்தால் அடுத்த வருடத் தேர்தலுக்கு நிற்பதில்லை. நான்கு பேருக்கும் நாமே பெயர் வைக்கலாம். கேடயம் பிடித்து முன்னால் நிற்பவனுக்கு என் பெயரை வைத்தேன். பின்னால் நின்று காயத்துக்கு மருந்து போடுகிறவளுக்குச் சந்திரமதி. தீ வீசுகிற மந்திரவாதிக்கு எங்கள் பழைய மேனேஜர் மிஸ்டர் லிம். தூரத்திலிருந்தே குறி தவறாமல் அடிக்கிற வில்லாளிக்கு யார் பெயர் வைப்பது என்று யோசித்தபோது, வகுப்பின் கடைசி வரிசையில் தூங்குகிறவன் மீது சாக்கட்டியை எறிந்து எழுப்புவீர்கள் என்று சந்திரமதி சொன்னது நினைவுக்கு வந்தது. இது மரியாதையினால் வைத்த பெயர், மச்சான். இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆட்டம் தொடங்கும்போதே சுலபமா, நடுத்தரமா, கடினமா என்று கேட்கிறது. கடினத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டை ஓடு போட்டிருந்தது. முப்பத்து நான்கு வருடம் சூப்பர்வைசராக இருந்தவன் சுலபத்தை அமுக்கினான் என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிடக்கூடாதே என்று மண்டை ஓட்டை அமுக்கினேன். அந்த நேரம் வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை, யார் சொல்லப்போகிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை. மூன்றாவது ஊரில் ஒரு பாலம் வருகிறது. பாலத்தின் வாயிலில் நிற்கிற காவலன், "வீரர்களே, இந்தப் பாலத்தில் ஆபத்து ஒன்றும் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்கிறான். அவனை நம்பிக் காலை வைத்தால் ஆறு எலும்புக்கூடுகள் எழுந்து வந்து நான்கு பேரையும் கொன்றுவிடுகின்றன. மறுபடி ஆரம்பித்தால் அதே காவலன், அதே வாக்கியம், முகத்தில் கொஞ்சம்கூட வெட்கம் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே நாற்பத்தாறு தடவை அவன் எனக்கு அதைச் சொல்லியிருக்கிறான். பலம் போதாது, பக்கத்துச் சதுப்பில் தவளைகளை அடித்துப் பலம் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று லோஷினி சொன்னாள். ஒரு தவளைக்கு மூன்று அடி. காலையில் முப்பது தவளை, பசியாறிய பிறகு நாற்பது தவளை, எல்லாம் ஒரே தவளை, ஒரே சத்தம். துண்டின் ஓரத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போய்த்தான் ஓய்வு பெற்றேன், இப்போது தவளையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் மெடிக்கல் லீவு இல்லாமல். இருந்தாலும் விட மனம் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் கொண்டைக்கடலையை நம் ஆட்களாகவும் உளுந்தை எலும்புக்கூடுகளாகவும் பரப்பி வைத்துப் போர்முறை யோசித்தேன். ஒரு நாள் குளித்துவிட்டு வருவதற்குள் தங்கள் தங்கை என் படை முழுவதையும் ஊற வைத்துவிட்டாள்.

கடலை ஊறுவதற்கு முன்னால் ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தேன். வில்லாளியைத் தனியாகப் பாலத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினால் ஆறு எலும்புக்கூடுகளும் அவன்மேல் பாய்கின்றன. அவன் இரண்டு முறை தாக்குப்பிடித்துவிட்டுச் செத்தால், அந்த நேரத்தில் மிஸ்டர் லிம் பக்கவாட்டில் வந்து ஆறையும் கூட்டாக எரித்துவிடலாம். வேறு யாரை நிறுத்தினாலும் ஒரு முறைகூடத் தாங்குவதில்லை. ஆகவே தாங்கள் சாவது, மச்சான், இந்தக் குடும்பத்தில் வேறு யாராலும் செய்ய முடியாத காரியம்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். யோகேஸ்வரியின் நிச்சயதார்த்தத்துக்குக் காலை பத்தரைக்குள் சிகாமட்டில் இருக்க வேண்டும், மாலையை அத்தைதான் தன் கையால் போட வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டிருக்கிறாள், அந்த மாலை எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் இருக்கிறது, ஏழரைக்குப் புறப்பட வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். ஏழு மணிக்கே வேட்டி கட்டித் தயாராகிவிட்டேன். சந்திரமதி சேலை மடிப்பை எடுக்கிற நேரத்தில் ஒரே ஒரு தடவை பார்ப்போம் என்று பாலத்தில் இறங்கினேன். அன்றைக்கென்று எல்லாம் கூடி வந்தது. எட்டேகாலுக்கும் நான் எழுந்திருக்கவில்லை. இந்த ஆட்டத்தில் ஒரு கெட்ட பழக்கம், சண்டையை நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்துதான் வர வேண்டும், அந்தக் காவலன் உட்பட. "நீ ஓட்டு, நான் தட்டைப் பிடிச்சிக்கிறேன்" என்று சொல்லி, மடியில் சீர்த்தட்டும் தட்டின்மேல் டேப்லட்டுமாகக் காரில் ஏறினேன். சந்திரமதி தன் பக்கத்துக் கதவை அறைந்து சாத்தினாள். அந்தச் சத்தத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

லாபிஸ் தாண்டியதும் மிஸ்டர் லிம்மை நகர்த்துகிற கட்டம் வந்தது. "இடது, இடது, இன்னும் இடது" என்று என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வழி தெரிந்தவன் சொல்கிறானே என்று சந்திரமதி இடதுபக்கம் திருப்பிவிட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது நாங்கள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் இருந்தோம். முதல் நாள் மழையில் சேறு. முன்னால் எண்ணெய் ஆலைக்குப் பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று சக்கரம் புதைந்து நிற்கிறது, பின்னால் இன்னொரு லாரி வந்துவிட்டது.

"ஏங்க, இது எந்த ரோடு?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே ஓட்டுற."

"நீங்கதானே இடதுன்னீங்க."

"நான் மிஸ்டர் லிம்கிட்ட சொன்னேன்."

சந்திரமதி இன்ஜினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முப்பத்தோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை. சரியாக அந்த நேரத்தில்தான் தாங்கள் போன் செய்தீர்கள். கார் ஸ்பீக்கரில், "எங்கம்மா இருக்கீங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் வந்து உக்காந்தாச்சு" என்று தங்கள் குரல் கேட்டது. சந்திரமதி, "செம்பனைத் தோட்டத்துல மாட்டிக்கிட்டோம்ணே" என்று அழாத குறையாகச் சொல்ல, என் கண் டேப்லட்டில் இருந்தது, வில்லாளி இரண்டாவது முறையும் தாங்கிவிட்டான், எலும்புக்கூடுகள் ஆறும் அவனைச் சூழ்ந்துவிட்டன, நாற்பத்தாறு தடவையில் வராத வாய்ப்பு. நான் சொன்னது, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்: "திருச்செல்வம் சாகட்டும் விடு. அவன் போனாத்தான் நமக்கு வழி பிறக்கும்." தங்கள் பக்கமும் போன் ஸ்பீக்கரில் இருந்ததும், சம்பந்தி விஜயன் தங்கள் பக்கத்தில் ஜிலேபித் தட்டோடு நின்றதும், அவர் அங்கம்மா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "குடும்பத்துல ஏதும் கேஸ் ஓடுதுங்களா?" என்று கேட்டதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சந்திரமதி போனைத் துண்டிக்கக் கையை வீசினாள், அது என் முழங்கையில் பட்டது, என் விரல் வழுக்கியது, மிஸ்டர் லிம் வீசிய தீ என்மேலேயே விழுந்து நான் செத்தேன். நாற்பத்தேழாவது தோல்வி.

மண்டபத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. மோதிரம் மாற்றி முடிந்திருந்தது. மண்டபத்துப் பிள்ளையாரின் கழுத்து வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். அவருடைய மாலை யோகேஸ்வரி கழுத்தில் இருந்தது. சந்திரமதி கொண்டுவந்த மாலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். யோகேஸ்வரிதான் எழுந்து வந்து, குனிந்து அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, "பரவால்ல மாமா" என்று என்னிடம் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் அன்று இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். சாயங்காலம் புறப்படும்போது சந்திரமதி காலித் தட்டை முன்சீட்டில் வைத்து, அதற்கு பெல்ட்டையும் போட்டுவிட்டு, "நீங்க போங்க. நான் அண்ணன் வீட்ல இருக்கேன்" என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். "தெரியல. காத்துக்கிட்டு இருங்க. நான்தான் இவ்வளவு நாளா காத்துக்கிட்டு இருந்தேன்."

திங்கட்கிழமை காலை, உள்ளதைச் சொல்கிறேன், மறுபடியும் டேப்லட்டை எடுத்தேன். மருந்து போடுகிறவளின் முறை வந்தது. அவளை எங்கே நகர்த்தலாம் என்று பார்த்தபோதுதான் கவனித்தேன், நாற்பத்தேழு சண்டையிலும் நான் அவளை ஒரு கட்டம்கூட நகர்த்தியதில்லை. எனக்குப் பின்னால் அதே இடத்தில் நிற்க வைத்து, எனக்கு மட்டும் மருந்து போட வைத்திருக்கிறேன். கடைசியாகச் சாகிறவளும் அவள்தான், தனியாக. எனக்கு அதற்கு மேல் விரல் ஓடவில்லை. லோஷினிக்குப் போன் செய்தேன். "எத்தனை தடவ சொன்னேன், ஈஸில போடுங்கப்பா, அஞ்சு நிமிஷத்துல பாலம் தாண்டிடலாம்லா" என்றாள். அம்மா விஷயத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "அலமாக், அம்மாவுக்கு அந்த பட்டனே கிடையாதுப்பா. போய் சாரி சொல்லுங்க."

அதனால் சொல்கிறேன். நேற்று அந்த விளையாட்டை டேப்லட்டிலிருந்து அடியோடு அழித்துவிட்டேன். இனி இந்த ஜென்மத்தில் அதைத் தொடமாட்டேன். தங்களைத் தினமும் சாகடித்ததற்கும், யோகேஸ்வரியின் நல்ல நாளைக் கெடுத்ததற்கும், சந்திரமதி கையால் விழ வேண்டிய மாலையைத் தாமதப்படுத்தியதற்கும் தங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். சம்பந்தி விஜயனிடம் நம் குடும்பத்தில் ஒரு கேஸும் இல்லை என்று எடுத்துச் சொல்லவும். ஒழுக்கத்தின் மறு உருவமான தாங்கள் நாலு வார்த்தை புத்தி சொன்னால் சந்திரமதி கேட்பாள். பிள்ளைகள் இருவரும், யோகேஸ்வரியும் மாப்பிள்ளை யுகேந்திரனும், பல்லாண்டு ஒருவர் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு வாழ ஆசீர்வாதம். அங்கம்மா அக்காவுக்கு என் வணக்கம்.

தங்கள் அடி பணியும்,
செல்லப்பன்

பின்குறிப்பு: ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும்போது தங்கள் போன் வந்தது. குடும்பத்தைக் கெடுத்தது என்ன பேய் என்று பார்ப்பதற்காகத்தான் திங்கட்கிழமை அதைத் தாங்களும் போனில் இறக்கினீர்கள் என்று சொன்னதை நம்புகிறேன். நாலு நாளாகத் தவளையிலேயே நிற்பதாகச் சொல்லி, எப்படித் தாண்டுவது என்று கேட்டீர்கள். சுலபமா கடினமா, எந்த நிலையில் விளையாடுகிறீர்கள் என்று நான் கேட்டபோது லைன் சரியில்லை என்றீர்கள், அதற்கு முன்னும் பின்னும் லைன் நன்றாகவே இருந்தது. பிறகு சந்திரமதி போனைப் பிடுங்கி, "அங்க ஒருத்தர் விளையாடிட்டு திருதிருன்னு முழிக்கிறாரு. இங்க ஒருத்தர் விளையாடிட்டு எனக்குப் பாடம் நடத்துறாரு. முழிக்கிற வீட்டுக்கே வரேன், நாளைக்கு காலை பஸ்" என்றாள். ஆகவே இந்தக் கடிதத்துக்கு இனி வேலையில்லை, ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டதால் அனுப்புகிறேன். தவளையைப் பற்றி வயதில் மூத்தவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை, அதை வாயால் விளக்கவும் முடியாது. அதற்காக மட்டும், தங்கள் சந்தேகத்தைத் தீர்க்கிற அளவுக்கு மட்டும், விளையாட்டை மறுபடி இறக்கிக்கொண்டிருக்கிறேன். சந்திரமதியின் பஸ் யோங் பெங் தாண்டுவதற்குள் கட்டாயம் அழித்துவிடுவேன்.