ஸ்டெப்னி அண்ணனின் தூக்குப்போசி

லாரி ஓட்டுகிறவர்கள், லாரிக்குக் கூடு கட்டுகிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள் என்று நாமக்கல் பக்கத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. ஆனால் ஒரு ஜோடிச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, இன்னொரு ஜோடியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில், எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்தார்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஸ்டெப்னி அண்ணன். லாரியின் அடியில் மாற்று டயர் ஒன்று தொங்குமே, அதுதான் ஸ்டெப்னி. எப்போதோ நாக்பூருக்கு அந்தப் பக்கம், வண்டி நிறையத் தக்காளி, டயர் வெடித்துவிட்டது, ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. அங்கேயே நின்று தக்காளி முழுக்க ரசமாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாராம். அன்றைக்குப் பிடித்தது இந்தக் குணம். இரண்டு கண்ணாடி, இரண்டு டார்ச், இரண்டு குடை. மழை வந்தால் ஒன்றை விரிப்பார், இன்னொன்றை நனையாமல் அதற்குள் பிடித்துக்கொள்வார்.

மகள் கல்யாணத்துக்கு இரண்டு மேளக்காரர்களிடம் சொல்லி வைத்தார், ஒரு செட் வராவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று. இரண்டு செட்டும் வந்துவிட்டது. மண்டபத்தின் இரண்டு மூலையிலும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே ஊதினார்கள். காதைப் பொத்திக்கொண்டு சம்பந்தி கேட்டார்:

"ஏனுங்க, மாப்பிள்ளைக்கும் ஸ்டெப்னி வெச்சிருக்கறீங்களா?"

அண்ணன் உடனே இல்லையென்று சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்தார். சம்பந்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் செங்கோடனும் அவரும் ஒரே வண்டியில் டிரைவர்களாகப் பல வருஷம் ஓடினவர்கள். எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனால் இந்த வீட்டையும் காட்டையும் கட்டி ஆண்டவள் நான்தான், அதில் எனக்கு எந்தக் குறைச்சலும் இல்லை. என் வீட்டுக்காரருக்கும் எழுத்து வராது. அதனால் நல்ல போன் வந்த காலம் தொட்டு நாங்கள் பேசி அனுப்பிக்கொள்வோம். "நாக்பூரு தாண்டிட்டேன். நீ சோறு உண்டயா?" "எருமைக்குத் தண்ணி காட்டுனயா?" "இங்க நெம்பக் குளுரு, கம்பளி எங்க வெச்ச?" இப்படித்தான். பின்னால் ஹாரன் சத்தம் கேட்கும். அவர் தவறிப்போன பிறகும் அது அத்தனையும் என் போனில் இருந்தது. காலையில் அடுப்பில் காபியை வைத்துவிட்டு ஒன்றைப் போட்டுக் கேட்பேன். என் வீட்டில் அதற்குப் பிறகுதான் விடியும்.

அந்தப் போன் ஒருநாள் இடமில்லை என்று சொல்லிவிட்டது. தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. போன் செத்தால் அவர் குரலும் சேர்ந்து போய்விடும். எனக்குக் கை ஓடவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் மகன் குமரேசனுக்குப் போன் போட்டேன். பக்கத்தில் ஸ்டெப்னி அண்ணன்.

"கிளவுடுல போட்ரலாம்மா," என்றான் மகன்.

"அதென்ன சாமி?" என்று அண்ணன் கேட்டார்.

"கம்பெனிக்காரன் எடத்துல நம்ம பாட்டு, போட்டோவெல்லாம் வெக்கறது பெரியப்பா. மாசாமாசம் பணம் கட்டோணும்."

"கட்டாம உட்டா?"

"எடுத்துருவாங்க."

"அட, வாடகை வண்டி! வாடகை பாக்கின்னா சரக்க நடுரோட்டுல எறக்கிப் போட்டுப் போயிருவான். செங்கோடன நடுரோட்டுல எறக்கறதுக்கா நாம இருக்கறோம்? சொந்த வண்டி ஏதாச்சும் இருந்தாச் சொல்லு."

இருக்கிறது என்றான் மகன். நாஸ் என்று ஒரு பெட்டி. வீட்டில் இன்டர்நெட் வருகிற டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், வீட்டிலுள்ள எல்லாப் போனிலிருந்தும் படம், குரல், வீடியோ எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளும். வேண்டும்போது போனிலேயே எடுத்துக் கேட்கலாம். உள்ளே இரண்டு டிஸ்க் போட்டால், ஒன்றில் உள்ளதே இன்னொன்றிலும் இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும்.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மிணி! உள்ளயே ஸ்டெப்னி வெச்சுப் பண்ணியிருக்கறான்!"

அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தவன் எந்த நாட்டுக்காரனோ, அன்றைக்கு அவனுக்கு எங்கள் தெருவில் ஒரு சொந்தக்காரர் கிடைத்தார்.

மறுநாளே சேலம் போனோம். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, இரண்டும் ஒரே மாடலாக வாங்க வேண்டும், அப்போதுதான் இதன் சாமான் அதற்கு ஆகும் என்பது அவர் கணக்கு. கடைக்காரத் தம்பி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"இது எத்தன கிலோமீட்டரு ஓடுமுங்க?"

"இது ஓடாதுங்கய்யா. வெச்ச எடத்துலயே இருக்கும்."

"உள்ள சுத்தறது சுத்துதில்ல? அது எத்தன வருசம் சுத்தும்?"

தம்பி நான்கு டிஸ்க் போடுகிற பெரிய பெட்டி ஒன்றைக் காட்டினார்.

"தம்பி, நாங்க ஏத்தறது ரெண்டு மூட்டக் கடலக்காயி. அதுக்குப் பன்னெண்டு சக்கர வண்டி எதுக்கு?"

அப்படியானால் இது என்று, கை பட்டாலே ஆடுகிற ஒரு மலிவுப் பெட்டி வந்தது. அண்ணன் அதைத் தொடக்கூட இல்லை.

"நாலு வருசம் கழிச்சு இதுக்குச் சாமானம் கெடைக்குமா? கம்பெனி இருக்குமா? அதெல்லாம் உடுங்க. உங்க ஊட்டுல எத வெச்சிருக்கறீங்க?"

தம்பி அதைத் திரும்ப உள்ளே வைத்தார். பிறகு அலமாரியின் நடுத்தட்டிலிருந்து, மினுக்கில்லாத கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தார். விலையும் நடுத்தரம்தான். "இதத்தான் முன்னாலயே எடுத்திருக்கோணும்," என்றார் அண்ணன். பேச்சு முடிந்தது.

டிஸ்க்கிலும் இரண்டு தினுசு. சாதாரணக் கம்ப்யூட்டரில் போடுவது விலை குறைவு. ஓயாமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கென்று செய்தது கொஞ்சம் அதிகம். நான் குறைந்த விலையைப் பார்த்தேன். "டவுனுக்குள்ள ஓடற டயர நாக்பூரு போற லைன் வண்டிக்குப் போடுவாங்களா அம்மிணி?" என்று கேட்டு, கூடுதல் விலையில் எடுக்க வைத்தார். அதிலும் பெட்டிக்கு ஒன்றுதான் அங்கே வாங்கினார். மற்றதை எதிர்க்கடையில் வாங்கப் போவதாகச் சொன்னதும் தம்பியின் முகம் சுருங்கிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க. ஒரே நாள்ல பொறந்த டயரு ரெண்டும் ஒரே நாள்ல வெடிக்கும். நான் அனுபவப்பட்டவன்."

மகன் வந்து இரண்டு வீட்டிலும் பெட்டியை மாட்டிக் கொடுத்தான். என் போனில் இருந்ததை எல்லாம் பெட்டிக்கு ஏற்றி, சரிபார்த்து, போனைத் துடைத்துக் காலியாக்கினான். போன் குளிர்ந்துவிட்டது. முதல் குரலைப் போட்டான். "நாக்பூரு தாண்டிட்டேன்" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பிக்கும்போதே ஸ்டெப்னி அண்ணன் போய் ஒரு டிஸ்க்கைச் சரக்கென்று உருவிவிட்டார். பெட்டி 'கீ கீ' என்று கத்தியது. என் மகன் அதற்கு மேல் கத்தினான். குரல் மட்டும் நிற்கவில்லை. "நீ சோறு உண்டயா?" என்று கேட்டு முடித்துத்தான் ஓய்ந்தது.

"மாட்டிப் பாக்காத ஸ்டெப்னி இருந்தென்ன, இல்லாட்டி என்ன?" என்று சிரித்தார் அண்ணன்.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டு, மகன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்:

"பெரியப்பா, இது மட்டும் போதாது. தெரியாம அழிச்சுப்போட்டா ரெண்டு டிஸ்க்குலயும் ஒண்ணா அழிஞ்சுரும். பெட்டியே களவு போயிரலாம். இன்னொரு காப்பி வேற ஊட்டுல இருக்கோணும்."

"அப்ப, ஸ்டெப்னிக்கே ஒரு ஸ்டெப்னி!" அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் மகள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை, கையடக்கமான தனி டிஸ்க் ஒன்றில் என் வீட்டு நகலை எடுத்து அவர் வீட்டில் வைப்பார். அவர் வீட்டு நகல் என் பீரோவில். தூசி படாமல் இருக்க, என் வீட்டு டிஸ்க்கைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி எவர்சில்வர் தூக்குப்போசிக்குள்ளேயே எப்போதும் வைத்திருப்பார், அதோடுதான் தெருவைக் கடப்பார். பார்க்கிறவர்களுக்குக் குழம்பு கொண்டு போவதுபோல் இருக்கும். ஒருநாள் கடைசி வீட்டுக்காரி கேட்டே விட்டாள்.

"என்னுங்க கொழம்பு?"

"கொழம்பில்ல அம்மிணி, செங்கோடன்," என்று சொல்லிவிட்டு அவர் போய்க்கொண்டே இருந்தார். அவள் என்னிடம் வந்து, "அவருக்கு ஏதாச்சும் மந்திரிச்சுக் கயிறு கட்டுங்கக்கா," என்றாள்.

இப்படி எல்லாம் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தபோது நான் குமாரபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சாவியை வழக்கம்போல் எதிர்வீட்டில் கொடுத்திருந்தேன். லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டயர் ஒரே பக்கமாகத் தேயாமல் இருக்க, கொஞ்ச நாளைக்கு ஒருமுறை முன்னால் இருப்பதைப் பின்னால் மாட்டி, பின்னால் இருப்பதை முன்னால் மாட்டுவார்கள். அண்ணன் அன்றைக்கு அதைத்தான் செய்தார். என் பெட்டி டிஸ்க் இரண்டையும் அவர் பெட்டிக்கும், அவர் பெட்டி டிஸ்க் இரண்டையும் என் பெட்டிக்கும் மாற்றிவிட்டார். இரண்டு பெட்டியும் குழம்பிப்போய் அவர் போனில் இங்கிலீஷில் ஏதோ கேட்டிருக்கின்றன. புதிதாக ஆரம்பிக்கட்டுமா என்பது கேள்வி. சர்வீஸ் முடித்த வண்டிக்குப் புதுசாக ஆரம்பிப்பது நல்லதுதானே என்று இரண்டிலும் ஆமாம் என்று அழுத்திவிட்டார். இரண்டு பெட்டியும் கழுவி வைத்த குண்டா மாதிரி சுத்தமாகிவிட்டன.

நான் திரும்பி வந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்தார். துண்டு தோளில் இல்லை, மடியில் கிடந்தது.

"அம்மிணி, செங்கோடன நான் கொன்னுபோட்டேன்."

"அவிய போயி நாளாச்சுங்கண்ணா. என்ன சொல்றீங்க?"

சொன்னார். கேட்டுக்கொண்டே உள்ளே போய்த் தண்ணீர் மொண்டேன். அந்தச் சொம்பை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. நாளைக்குக் காபி வைத்துவிட்டு என்ன செய்வேன் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

"திட்டிப்போடு அம்மிணி. பேசாம இருக்காத," என்றார் வாசலில் இருந்தபடி.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஏனுங்கண்ணா, அந்தத் தூக்குப்போசி எங்க?"

அவர் என்னைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் ஸ்டெப்னி சொன்ன மனிதர், பதற்றத்தில் தன்னுடைய ஸ்டெப்னியை மறந்திருக்கிறார். எழுந்து ஓடினார். மூட்டு வலிக்காரர் ஓடின ஓட்டத்தில் நாய் ஒதுங்கி நின்றது. போசியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோதுதான் கவனித்தேன்: கையில் மாற்றுச் செருப்பு இல்லை. காலிலும் செருப்பு இல்லை.

மகன் போனில் சொல்லச் சொல்ல, போசிக்குள் இருந்த டிஸ்க்கை அவர்தான் மாட்டினார். டிஸ்க்கில் இருந்தது போன மாதத்து நகல். ஆனாலும் ஒன்றும் விட்டுப்போகவில்லை. என் வீட்டுக்காரர்தான் புதிதாக எதுவும் பேசுவதில்லையே. அண்ணன் வீட்டுப் படங்களும் என் பீரோவிலிருந்த நகலில் பத்திரமாக இருந்தன. எல்லாம் ஏறி முடிந்ததும் கைக்கு வந்த ஒன்றை அழுத்தினேன். ஹாரன் சத்தம். பிறகு அவர்.

"இந்த ஸ்டெப்னி கூட இனி லைனுக்கு வரமாட்டேன் பாத்துக்க. ரெண்டு அடுப்பு, ரெண்டு குண்டா, ரெண்டு பாயி. வண்டீல எனக்கு ஒக்கார எடமில்ல. ஆனாலும் இந்தாளு இருந்தா, ஊடு வந்து சேந்துருவம்ங்கற தைரியம் இருக்குது."

அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "பொழுதுக்கும் என்னயப் பத்தி இப்படித்தான் பேசிக்கிட்டிருந்தானா?" என்றார். பிறகு, "இன்னொருக்காப் போடு அம்மிணி."

இப்போது அவர் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மூட்டு வலி அதிகமாகித் தனியாக இருக்க விடவில்லை. கிளம்புகிற அன்றைக்குத் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டுதான் காரில் ஏறினார். "ரெண்டும் ஒரே தெருவுல இருக்கறது தப்பு அம்மிணி. வெள்ளம் வந்தா என்ன பண்ணுவ?" என்றார். எங்கள் ஊரில் குடிக்கவே தண்ணீர் லாரியில்தான் வரும். செங்கோடனும் அவரும் இன்னொரு லைனுக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் தினமும் பேசி அனுப்புகிறார். "அம்மிணி, போசி பத்திரமா இருக்குது. இங்க நெம்பக் குளுரு. நீ சோறு உண்டயா?"

போனில் வந்த அவர் குரலை எல்லாம் மகனிடம் சொல்லிப் பெட்டியில் ஏற்றிவிட்டேன். அவருக்கு இது தெரியாது. பெட்டி ஒன்று போதாது என்பதால், போன வாரம் நாமக்கல் போய்ப் புதிதாக ஒரு தூக்குப்போசியும் வாங்கி வந்திருக்கிறேன்.